சொல்லின் வேரைத் தேடும் முறை: சக்கரம், சர்க்கரை, இஞ்சி

பேச்சு வழக்கில் சக்கரம், சக்கரை இரண்டுக்கும் கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். இரண்டும் வடமொழி வழியாக வந்தவை. ஆனாலும் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சக்கரமும் சைக்கிளும் காதுக்கு வெவ்வேறு ஊர்ச் சொற்கள், ஆனால் ஒரே வேரில் கிளைத்தவை. நம் ஆயிரமும் இந்தியில் சொல்லும் ஹஃஜாரும் (ஃஜ என்பது ஆங்கில z ஒலி) அப்படித்தான். ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து வேர் சொன்னால் பாதிக்குப் பாதி தவறும். வேறு எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே.

கையில் வேண்டிய அகராதிகள்

ஐந்து போதும். முதலாவது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–36, ஆறு தொகுதிகள், 1939-இல் அனுபந்தம்). இரண்டாவது மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி, 1899 பதிப்பு. மூன்றாவது பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். நான்காவது டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதி. ஒரு சமஸ்கிருதச் சொல் பாலி, பிராகிருதம், இந்தி, மராத்தி, சிங்களம் என்று எங்கெங்கே என்ன உருவில் பிழைத்திருக்கிறது என்பதை அதில் ஒரே இடத்தில் காணலாம். ஐந்தாவது மன்ஃப்ரெட் மைர்ஹோஃபர் எழுதிய சமஸ்கிருத வேர்ச்சொல் அகராதி. இது ஜெர்மன் மொழியில் உள்ளது என்றாலும் சொற்பட்டியலும் ஒப்புமை வடிவங்களும் மொழி தெரியாமலே புரியும்.

மோனியர் வில்லியம்ஸின் அகராதியைக் கோலோன் பல்கலைக்கழகமும், லெக்சிகன், திராவிட அகராதி, டர்னர் மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகமும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன.

இவற்றில் எதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். லெக்சிகன் உருவானபோது திராவிட வேர்ச்சொல் அகராதி கிடையாது. அதனால் வடமொழியில் ஒத்த சொல் கண்ணில் பட்டதும் அதையே மூலமாகக் குறித்த இடங்கள் அதில் உண்டு. தேவநேயப் பாவாணர் இதைக் கடுமையாகச் சாடினார். பல இடங்களில் அவர் சொன்னது சரி. ஆனால் வடசொற்களைக் கொத்துக்கொத்தாகத் தமிழ் வேருக்குக் கொண்டுவந்த அவரது முடிவுகளுக்கு ஒப்பியல் சான்று பெரும்பாலும் இல்லை. இரு தரப்புக்கும் ஒரே உரைகல்லைப் பயன்படுத்துங்கள்.

எழுதிக்கொள்ளும் முறை

தமிழ் எழுத்தில் க ஒன்றுதான், சமஸ்கிருதத்தில் நான்கு. தோத்திரப் புத்தகங்களில் அச்சிடுவதுபோல க, க², க³, க⁴ என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். ச இன்னும் சிக்கல். ச, ச², ஜ, ஜ⁴, ஶ, ஷ, ஸ என ஏழு ஒலிகளும் தமிழில் சகரமாக வந்து விழலாம். ஏழையும் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'சத்திரம்' நல்ல சாட்சி.

வழிப்போக்கர் தங்கும் சத்திரம் 'ஸத்த்ர'. உட்காருதல் என்ற பொருளுள்ள 'ஸத்³' வேரிலிருந்து வந்து, நீண்ட வேள்வியைக் குறித்து, பின் அன்னதான இடத்தைக் குறித்தது. குடையைக் குறிக்கும் சத்திரம் 'ச²த்த்ர'. மூடுதல் என்ற பொருளுள்ள 'ச²த்³' இதன் வேர். இலங்கைத் தமிழில் அறுவை மருத்துவத்தைச் 'சத்திர சிகிச்சை' என்கிறார்களே, அந்தச் சத்திரம் 'ஶஸ்த்ர'. வெட்டுதல் என்ற பொருளுள்ள 'ஶஸ்' இதன் வேர். தமிழில் ஒரே உரு, மூலத்தில் மூன்று சொல். முதலில் கண்ணில் பட்டதோடு அகராதியை மூடிவிட்டவர், மருத்துவமனையையும் அன்ன சத்திரத்தையும் முடிச்சுப்போட்டு அழகான கதை ஒன்று எழுதிவிடுவார்.

அகராதியில் தேடும் முன் தமிழ் ஈற்றைக் கழற்ற வேண்டும். ஆகாரத்தில் முடியும் வடசொல் தமிழில் ஐகாரம் பெறும்: மாலா – மாலை, கதா² – கதை, ஸபா⁴ – சபை. அகரத்தில் முடியும் அஃறிணைப் பெயர் அம் பெறும், ஆண்பாற்பெயர் அன் பெறும். ஆக, சக்கரத்தை 'சக்ர' என்றும் சர்க்கரையை 'ஶர்கரா' என்றும் தேட வேண்டும். இவ்வளவிலேயே இரண்டும் வேறு என்பது தெரிந்துவிடும். ஒன்றின் முதலெழுத்து ச, மற்றதன் முதலெழுத்து ஶ. ரகரம் நிற்கும் இடமும் வேறு.

தமிழ்ப் பக்கத்துச் சோதனை

சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வராதவை. அதனால்தான் உலோகம், இரத்தம், இலக்கணம் என்று முன்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொள்கிறது. சகரத்துக்குத் தொல்காப்பியம் 'அ ஐ ஔ எனும் மூன்றலங் கடையே' என்று வரம்பு கட்டுகிறது; சக, சட, சப என்று சொல் தொடங்கக் கூடாது என்று பொருள். இந்தக் கணக்கில் 'சக்கரம்' உடனே சந்தேகப் பட்டியலில் ஏறும். பழைய இலக்கியம் அதே பொருளில் ஆழி, திகிரி என்ற சொற்களை வைத்திருப்பதும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் இது தீர்ப்பு அல்ல. சட்டி, சருகு, சளி என்று சகர அகரத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கி, இவையும் வரும் என்று சொல்லும் பழைய வெண்பா ஒன்று நன்னூல் உரையில் காட்டப்படுகிறது. இலக்கண விதி ஒரு காலத்து வழக்கின் பதிவு. விதியை மீறிய சொல் வந்தேறியாக இருக்கலாம், விதி எழுதிய காலத்துக்குப் பின் உருமாறிய உள்ளூர்ச் சொல்லாகவும் இருக்கலாம்.

மறுபுறமும் ஏமாறலாம். 'ஆயிரம்' பார்ப்பதற்கு அசல் தமிழ். முதலெழுத்து, ஈறு எதிலும் குறை இல்லை. ஆனால் கன்னடத்தைப் பாருங்கள்: இன்று சாவிர, பழங்கன்னடத்தில் சாசிர. அங்கிருந்து 'ஸஹஸ்ர' ஒரு எட்டுதான். சொல்முதல் சகரம் உதிர்வது தமிழில் அடிக்கடி நடப்பது. சிறகு–இறகு, சிப்பி–இப்பி என்று தமிழுக்குள்ளேயே இணைகள் உண்டு. வந்த சொற்களிலும் அதே உதிர்வு: ஶ்ராவண என்பது ஸாவண ஆகி, ஆவணி ஆனது, ஶ்ரமண, சமணர் ஆகி அமணர் ஆனது, ஸீஸ, ஈயம் ஆனது. ஒரு சொல்லில் மட்டும் சகரம் உதிர்ந்தது என்று சொன்னால் அது வசதிக்காகச் சொன்னதாக இருக்கலாம். ஐந்து சொற்களில் உதிர்ந்தால் அது விதி. இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது: எந்த ஒலிமாற்றத்தைச் சொன்னாலும் அதே மாற்றம் நடந்த வேறு இரண்டு சொற்களையாவது கூடவே எழுதுங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்த விளக்கத்தைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.

எந்த அடுக்கில் வந்தது

வடசொல் என்றால் சமஸ்கிருதத்திலிருந்து நேராக வந்தது என்று கொள்வது பெரும்பிழை. பழைய அடுக்கு பிராகிருதம், பாலி என்ற பழைய பேச்சுவழக்கு மொழிகள் வழியாக வந்தது. மாங்குளம் தமிழ் பிராமிக் கல்வெட்டில் இருப்பது 'தம்மம்', தருமம் அல்ல. வர்ண என்பது வண்ண ஆகி வண்ணம் ஆனது. ஆஜ்ஞா என்பது ஆணா ஆகி ஆணை ஆனது. இவற்றைச் சமஸ்கிருதத்தோடு நேராகப் பொருத்தினால் ரகரம் எங்கே போயிற்று, ஞகரம் எங்கே போயிற்று என்று விழிக்க வேண்டியிருக்கும். நடுவில் பிராகிருதத்தை வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

ஒரே சொல் இரண்டு முறை வந்த இடங்கள் இன்னும் சுவையானவை. 'லக்ஷண' முதலில் பிராகிருத 'லக்க²ண' வழியாக வந்து இலக்கணம் ஆயிற்று; பிறகு நேராக வந்து லட்சணம் ஆயிற்று. முதலாவது மொழிநூலைக் குறிக்க, இரண்டாவது பெண் பார்க்கப் போன இடத்தில் பேசப்படுவது. 'லக்ஷ' அதேபோல் இலக்கமும் லட்சமும் ஆனது. க்ஷ என்ற கூட்டெழுத்து க்க ஆகியிருந்தால் பழைய வரவு, ட்ச ஆகியிருந்தால் பிந்திய வரவு என்று ஓரளவு கணிக்கலாம். நன்னூல் உரைகள் சொல்லும் தற்சமம் (திரியாமல் வந்தது), தற்பவம் (திரிந்து வந்தது) என்ற பிரிவு இதைத் தொடுகிறது. ஆனால் தற்பவம் எல்லாம் தமிழுக்குள் வந்தபின் திரிந்தவை அல்ல, பல வரும் வழியிலேயே திரிந்தவை. இந்த வேறுபாட்டை அந்தப் பிரிவு காட்டாது.

சமஸ்கிருத அகராதியைப் படிப்பது

மோனியர் வில்லியம்ஸில் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் ஒரு சுருக்கக் குறி இருக்கும். அது எந்த நூலில் அந்தப் பொருள் காணப்படுகிறது என்பதன் முகவரி. ரிக், அதர்வம், பிராமணங்கள், பாரதம், காவியங்கள் என்று காலவரிசையில் பொருள்களை மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள். அகராதி தரும் வரிசை எப்போதும் கால வரிசையாக இருக்காது.

இந்தக் குறிகளில் 'எல்' என்ற ஒற்றை ரோமன் எழுத்தை மட்டும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லோ பொருளோ நிகண்டுகளில் மட்டும் உள்ளது, நூல் வழக்கில் காணவில்லை என்று அதற்குப் பொருள். வேர் ஆராய்ச்சியில் தடுக்கி விழுபவர்களில் பலர் விழுவது இங்கேதான். நிகண்டு ஆசிரியர்கள் ஒரு சொல்லை விளக்குவதற்காகவே அதன் பகுதிக்குப் பொருள் கற்பித்திருக்கலாம். இஞ்சியில் அதை நேரில் பார்ப்போம்.

ஒப்பியல் அகராதிகளில் உடுக்குறி (*) இட்ட வடிவம் எங்கும் எழுதிக் கிடைத்தது அல்ல, மீட்டுருவாக்கம், அதாவது ஆய்வாளர் கணித்து அமைத்தது. அதைச் சான்று போல மேற்கோள் காட்டக் கூடாது.

தாது, அதாவது வினைவேர், என்ற ஒன்றும் பலரைச் சறுக்க வைக்கும். சமஸ்கிருத இலக்கண மரபில் ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் வினைவேர் காட்டுவார்கள். பெயர்கள் எல்லாம் வினையடியாகப் பிறந்தவையே என்று சாகடாயனரும், எல்லாம் அல்ல என்று கார்க்கியரும் வாதிட்டதை, வேதச் சொற்களை விளக்கும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தமே பதிவு செய்கிறது. யாஸ்கர் முதல் தரப்பு. எழுத்து ஒற்றுமை ஒன்றைப் பிடித்தாவது விளக்கிவிட வேண்டும், விளக்காமல் மட்டும் விடக் கூடாது என்பது அவர் கொள்கை. வேதப் பொருளை உணர்த்துவது அவர் நோக்கம், சொல்லின் வரலாறு அல்ல. ஆகவே ஒரு சொல்லுக்கு உணாதி விகுதி (விதிக்குள் அடங்காத சொற்களுக்கென்று வைத்த விகுதி) போட்டு வேர் சொல்லப்பட்டிருந்தால், வழக்கமான விதிகளில் அது அடங்கவில்லை என்று படியுங்கள். அயல்மொழி வரவாக இருக்கலாம் என்பதற்கு அது முதல் சைகை. தொல்காப்பியர் இந்த விஷயத்தில் அடக்கமானவர்: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.'

உறவு மொழிகளில் தேடுதல்: சக்கரம்

'சக்ர' ரிக் வேதத்திலேயே தேர்ச் சக்கரமாக வருகிறது. ஈரானியக் கிளையில் பழைய மறைநூலான அவெஸ்தாவின் 'சக்ர', பாரசீகத்தில் இடம் மாறி 'சர்க்'. கிரேக்கத்தில் 'குக்லொஸ்'. ஆங்கில 'வீல்' பழைய வடிவத்தில் 'ஹ்வெயோல்'. இவற்றை உறவு என்று சொல்ல என்ன ஆதாரம்? ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும்.

இந்த மொழிகள் எல்லாம் கிளைத்த மூலமொழியில் முதல் ஒலி 'க்வ', அடுத்து எகரம் என்று கொள்கிறார்கள். சமஸ்கிருதத்தில் எகரத்துக்கு முன் நின்ற க்வ, ச ஆனது. பிறகு அந்த எகரமே அகரமாகிவிட்டது. இதற்கு வேறு சான்று: சமஸ்கிருத 'சதுர்' (நான்கு) லத்தீனில் 'க்வாத்துஒர்', 'பஞ்ச' லத்தீனில் 'க்வின்க்வெ', 'உம்' என்ற பொருளுள்ள 'ச' லத்தீனில் 'க்வெ'. மூன்று இணைகள் ஆயிற்று. ஆங்கிலம் முதலிய ஜெர்மானிய மொழிகளில் அந்த ஒலி ஹகரமாகும்: சமஸ்கிருத 'கஸ்' (யார்), ஆங்கில 'ஹூ'. லகரம் சமஸ்கிருதத்தில் ரகரமாவது பரவலான மாற்றம். கிரேக்க வடிவம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எகரத்துக்கு முன் வரும் க்வ கிரேக்கத்தில் தகரமாக வேண்டும். பஞ்ச அங்கே 'பெந்தெ'. ஆகவே குக்லொஸை எகரம் கெட்ட வடிவத்திலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். இப்படி முரண்டு பிடிக்கும் இடத்தை மறைக்காமல் குறித்து வைப்பதே நல்ல வேர் ஆராய்ச்சி.

இந்த ஒரு வேர் இந்திக்குள் மூன்று வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த 'சக்ர', பிராகிருத 'சக்க' வழியாக மெலிந்த 'சாக்' (குயவன் சக்கரம்), பாரசீகத்திலிருந்து வந்த 'சர்கா²' (நூற்கும் ராட்டை). தமிழில் சக்கரம் ஒரு வழி. குக்லொஸிலிருந்து லத்தீன், ஆங்கிலம் சுற்றி வந்த சைக்கிள் இன்னொரு வழி. 'சைக்கிள் சக்கரம்' என்று சொல்லும்போது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம். ஆனால் சர்க்கஸை இதோடு சேர்க்காதீர்கள். வட்டம் என்ற பொருள் இருந்தாலும் அது லத்தீன் 'கிர்குஸ்'. அதன் முதல் ஒலி க்வ அல்ல.

ஆயிரத்தையும் இதே முறையில் முடித்துவிடலாம். சமஸ்கிருத ஸகரம் ஈரானியத்தில் ஹகரம்: ஸப்த–ஹப்த, ஸிந்து–ஹிந்து. சமஸ்கிருத ஹகரம் அவெஸ்தாவில் ஃஜகரம்: ஹஸ்த–ஃஜஸ்த, அஹம்–அஃஜெம். இரண்டு விதியையும் ஸஹஸ்ர மேல் போட்டால் பாரசீக ஹஃஜார் கிடைக்கும்; இந்திக்கு வந்தது அதுதான். பாரசீகச் சொல் ஸஹஸ்ரவிடம் வாங்கிய கடன் அல்ல, உடன்பிறப்பு. தமிழ் ஆயிரம் கடன். உறவுச்சொல், கடன்சொல் என்ற இந்த வேறுபாட்டை, ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதிவைக்கும் அட்டையில் எழுதாமல் விட்டால் பின்னால் எல்லாம் குழம்பும்.

கொடுத்தது யார், வாங்கியது யார்

தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஒரு சொல் இருக்கிறது. எந்தப் பக்கம் பாய்ந்தது? மூன்று கேள்விகள். சமஸ்கிருதச் சொல்லுக்கு ஈரானிய, ஐரோப்பிய உறவுகள் உண்டா? திராவிட மொழிகளில் அது எத்தனை கிளைகளில் உள்ளது, குறிப்பாக சமஸ்கிருதப் பழக்கம் குறைந்த மலைவாழ், வட திராவிட மொழிகளில் உள்ளதா? சமஸ்கிருதத்தில் எந்தக் காலத்து நூலில் முதலில் தலைகாட்டுகிறது?

மீனை வைத்துப் பாருங்கள். ரிக் வேதத்தில் மீனுக்குரிய சொல் 'மத்ஸ்ய'. அதற்கு அவெஸ்தாவில் 'மஸ்ய' என்ற உறவு உண்டு. 'மீன' பிந்திய நூல்களில் வருவது, ஐரோப்பிய உறவு இல்லாதது. திராவிடத்திலோ தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு தொடங்கி கோண்டி வரை மீன் இருக்கிறது. மூன்று விடைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன: சமஸ்கிருதம்தான் வாங்கியது.

கிளைகளைப் பார்க்கும்போதும் ஒலிவிதி வேண்டும். தமிழ் கண் பலுசிஸ்தானத்தின் திராவிட மொழியான பிராகூயியில் 'க²ன்', கல் அங்கே 'க²ல்'. இங்கே க² என்பது தொண்டையை உரசி வரும் ஒலி. இப்படி வரிசையாக அமைந்தால்தான் அது உறவு.

இனி இஞ்சி. சமஸ்கிருதத்தில் 'ஶ்ருங்கவேர'. ஶ்ருங்க என்றால் கொம்பு. வேர என்றால் உடல் என்று விளக்கம். கொம்பு போன்ற உடல். இஞ்சித் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும்! அங்கேதான் நிறுத்த வேண்டும். 'வேர' என்பதற்கு உடல் என்ற பொருளைத் தேடினால் அந்தச் சிவப்பு மைக் குறி நிற்கிறது: நிகண்டில் மட்டும். பாலியில் இந்தச் சொல் 'ஸிங்கி³வேர'. அதில் ஶ்ருங்கமும் இல்லை, கொம்பும் இல்லை, ஸிங்கி³தான் இருக்கிறது. தமிழில் சொல்முதல் சகரம் உதிரும் என்பது முன்பே தெரியும். சிங்கி என்பது போன்ற ஒரு பழைய வடிவம் இஞ்சி ஆவதற்கு ஒலித்தடை இல்லை. பின்பாதி 'வேர்' தமிழில் அன்றாடச் சொல். கிழங்குப் பொருளுக்கு வேர் என்ற பெயர் எந்த வித்தையும் இல்லாமல் பொருந்துகிறது. ஆக, தெற்கிலிருந்து போன சொல்லைச் சமஸ்கிருதம் தனக்குத் தெரிந்த ஶ்ருங்கமாகத் திருத்திக்கொண்டது. கிரேக்க 'ஃஜிங்கிபெரிஸ்', அரபு 'ஃஜன்ஜபீல்', ஆங்கில 'ஜிஞ்சர்' எல்லாம் இந்தத் தொடரின் பின்வரிசை. கிரேக்கத்தில் முன்பாதி இகரத்தோடு நிற்பது பாலி போன்ற வடிவத்தைக் காட்டுகிறது.

பயணச் சொல்: சர்க்கரை

ஶர்கரா முதலில் சரளைக்கல், பரல். வைத்திய நூல்களில் சிறுநீரில் கல் போன்று இறங்கும் நோய்க்கும் இதே பெயர். கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணிமணியாக உறையவைத்தபோது அந்த மணிக்கும் இது பெயரானது. தமிழில் கற்கண்டு என்ற சொல் அதே கண்ணோட்டத்தில் பிறந்தது: கல்லும், துண்டு என்ற பொருளுள்ள 'க²ண்ட³'வும். அந்த க²ண்ட³ பாரசீகத்தில் 'கந்த்', ஆங்கிலத்தில் 'கேண்டி'.

ஶர்கரா பாலியில் 'ஸக்க²ரா'. கிரேக்கத்தில் 'ஸக்க²ரொன்'. கிரேக்க வடிவத்தில் முதல் ரகரம் இல்லை, ககரம் இரட்டித்திருக்கிறது. எனவே கிரேக்கர் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கவில்லை, பேச்சு வழக்குப் பிராகிருதத்திலிருந்து வாங்கினார்கள். இந்த வழியில்தான் செயற்கை இனிப்பின் பெயரான சாக்கரின் வந்தது. இன்னொரு வழி பாரசீக 'ஷகர்', அரபு 'ஸுக்கர்', ஐரோப்பா, ஆங்கில 'ஷுகர்'. மூன்றாவது வழி தென்னிந்தியக் கடற்கரை: மலையாளச் சக்கரையைப் போர்ச்சுகீசியர் 'ஜாகரா' என்று எடுத்துப்போக, ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு 'ஜாகரி'. பயணச் சொல்லுக்கு ஒலிவிதியை விட வழித்தடம் முக்கியம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த ஒலி தொலைந்தது, எது கூடியது என்று பாருங்கள். தொலைந்த ஒலி அடுத்த ஊரில் திரும்பி வராது. வந்தால் அந்த வழி தவறு.

பொருளைப் பின்தொடர்தல்

உருவம் ஒத்து வந்தபின் பொருளைத் தனியாகத் தேதி போட்டு அடுக்க வேண்டும். 'அவகாஶ' சமஸ்கிருதத்தில் இடம், வெளி. தமிழில் அவகாசம் காலத்தின் இடைவெளி, தவணை. இந்தியில் 'அவகாஶ்' விடுமுறை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நாலும் 'இடம் தருதல்' என்ற ஒன்றிலிருந்து பிரிந்தவை. 'ஶிக்ஷா' கற்றல், இந்தியில் கல்வியாகவே நின்றது, தமிழ்ச் சிட்சையும் மலையாள சிக்ஷையும் தண்டனைக்குப் போய்விட்டன. வாத்தியார் கைப்பிரம்பை நினைத்தால் வழி புரியும். சம்சாரம் வடக்கே உலகம், இங்கே மனைவி. தமிழில் உள்ள பொருளை வைத்துக்கொண்டு மூலத்தில் தேடினால் கிடைக்காது. மூலத்தில் உள்ள பொருளைத் தமிழ்மேல் திணித்தாலும் தப்பு. 'உண்மையான பொருள்' என்று மூலப்பொருளைச் சொல்லி இன்றைய வழக்கைத் திருத்தக் கிளம்புவதற்கு வேர் ஆராய்ச்சி இடம் தருவதில்லை.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

ஆங்கில 'எய்ட்', தமிழ் எட்டு. கேட்டால் இரட்டைப் பிறவி. ஆனால் ஆங்கிலச் சொல் ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னால் போகப்போக ககரம் தெளிகிறது. தமிழ் எட்டைப் பின்னால் தள்ளினால் எண்பது, எண்ணூறு, கன்னட எண்டு, தெலுங்கு எனிமிதி. ணகர னகரம்தான் தெளிகிறது. இன்றைய உருவத்தை ஒப்பிடாமல் இருவரின் பழைய உருவத்தை ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

கிரேக்க 'தெ²ஒஸ்' (கடவுள்), சமஸ்கிருத 'தே³வ'. பொருள் அச்சு அசல். ஆனால் சமஸ்கிருத த³ கிரேக்கத்தில் த³ ஆகவே வரும்: த³ஶ–தெ³க. கிரேக்க த² சமஸ்கிருத த⁴-வுக்கு நேர்: தூ⁴ம–து²மொஸ். ஆகவே உறவு இல்லை. தே³வனுக்கு உறவு லத்தீன் 'தெ³உஸ்'.

இந்தப் பிழைகள் புதியவை அல்ல. வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்சை மரபைச் சேர்ந்த ஏழாம் நூற்றாண்டுக் குமாரிலபட்டர் தம் தந்திரவார்த்திகம் என்ற நூலில், திராவிடச் சொற்களைக் கேட்டதும் சமஸ்கிருதமாக்கிக்கொள்பவர்களைக் கேலி செய்கிறார். சோறு என்பதைக் கேட்டால் 'சோர', திருடன் என்கிறார்களாம். வழி என்ற பொருளில் வரும் அதரைக் கேட்டால், கடக்க அரியது ஆகையால் 'அதர' என்கிறார்களாம். பாம்பு 'பாப', ஏனென்றால் அது பாவப் பிராணி. வயிறு 'வைரி', ஏனென்றால் பசித்தவனைத் தகாத செயலில் தள்ளும் எதிரி. அதர் இன்று வழக்கொழிந்த சொல், சங்கப் பாட்டில்தான் இருக்கிறது. நான்கு விளக்கமும் பொருளில் எவ்வளவு அழகாக உட்கார்கின்றன என்று பாருங்கள். விளக்கம் அழகாக இருக்கிறது என்று தோன்றும் கணத்தில் குமாரிலரின் வயிற்றை நினைத்துக்கொள்வது நல்லது.

அட்டை

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. கடைசி வரியில் உறுதி, பெரும்பாலும், வாய்ப்பு உண்டு, இல்லை என்ற நான்கில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். புதுச் சான்று வந்தால் அடித்துத் திருத்த இடம் விடுங்கள். ஆயிரத்துக்கு நிரப்பினால் இப்படி வரும்:

சொல்: ஆயிரம். மலையாளம் ஆயிரம், கன்னடம் சாவிர, பழங்கன்னடம் சாசிர. தெலுங்கு வேயி, இது வேறு சொல்.
மூலம்: ஸஹஸ்ர, ரிக் வேதத்திலிருந்து. நூல் வழக்கு உண்டு.
உறவு: ஈரானியக் கிளையில் பாரசீக ஹஃஜார்.
ஒலிமாற்றம்: சொல்முதல் சகர உதிர்வு. இணை: ஆவணி, ஈயம், அமணர்.
பொருள்மாற்றம்: இல்லை.
முரண்டு: நடுவிலுள்ள 'ஹஸ்ர' தமிழில் 'யிர' ஆன படிகளுக்குத் தமிழில் எழுதிக் கிடைத்த இடைவடிவம் இல்லை, கன்னட வடிவமே பாலம்.
முடிவு: கடன்சொல். பெரும்பாலும்.